சாட்சி சொன்னவரும் என் சீட்டுக் காசும்

கணக்குநோட்டு (லிங்கராஜபுரம்) · திங்கள், இரவு 10.40

ரெண்டு வருஷமா இந்தக் கிறிஸ்தவக் குழுவில் வாசிக்கிறதோட சரி, எழுதினதில்லை. நேத்து ஆராதனையிலிருந்து மனசு ஒரு நிலையில இல்லை. அதான்.

2015 செப்டம்பரில் எங்க தெருவில் ஒருத்தர் சீட்டு ஆரம்பிச்சார். 20 பேர், மாசம் 5,000, 20 மாசம், லட்ச ரூபா சீட்டு. நம்ம சபை ஆள்தான். பாடகர் குழுவில் பேஸ் பாடுவார், கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது டிரம் அடிப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் அவர் வீட்டு மொட்டைமாடியில் ஏலம். ரெண்டாவது மாசம் ஒருத்தங்க 72,000க்குக் கேட்டு எடுத்தாங்க. தள்ளு 28,000. அதில் அவர் கமிஷன் 5,000 போக மீதி பிரிஞ்சு ஆளுக்கு 1,150 வந்துச்சு. அந்த மாசம் நான் கட்டினது 3,850. இப்படி 14 மாசம். நான் சீட்டு எடுக்கவே இல்லை. மகளோட பி.யூ.சி. அட்மிஷனுக்குன்னு கடைசி வரைக்கும் விட்டு வெச்சிருந்தேன். எல்லாம் பிளவுஸ் தைச்ச காசு. மொத்தம் 61,350. நோட்டில் இருக்கு. 2016 நவம்பரில் பழைய நோட்டெல்லாம் செல்லாமப் போச்சே, அதே வாரம் அவரும் செல்லாமப் போனார். வீட்டுக்குப் பூட்டு, போன் சுவிட்ச் ஆஃப்.

நேத்து சாட்சி நேரத்தில், அதான் மனந்திரும்பினதைச் சபை முன்னாடி சொல்ற நேரத்தில், எழுந்து நின்னார். தாடி வெச்சு, இளைச்சுப்போய். முதல்ல எனக்கு அடையாளமே தெரியலை. குரலை வெச்சுத்தான் கண்டுபிடிச்சேன். "நான் பெரிய துரோகி. என் கடன் பத்திரத்தை எல்லாம் இயேசு சிலுவையில ஆணி அடிச்சிட்டார்"னு அழுதார். சபையே அல்லேலூயா சொல்லுச்சு. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவும் அதே சீட்டில் ரெண்டு பங்கு போட்டு விட்டவங்க. அவங்களும் சொன்னாங்க. எனக்கு வாய் வரலை.

வெளிய வந்ததும் போதகர்கிட்ட, "ஐயா, அந்தக் காசு?"ன்னு கேட்டேன். "கிருபைக்கும் கணக்குக்கும் முடிச்சுப் போடாதீங்கம்மா, இரட்சிப்பு கிரியையினால, நாம செய்யற செயலால, வர்றதில்லை"ன்னார். எபேசியர் 2:8 எனக்கும் மனப்பாடம் ஐயா, ஞாயிறு பள்ளியில பரிசு வாங்கின வசனம்.

நான் கேக்கிறது தப்பா?

வேதாகமப்பூச்சி · திங்கள், இரவு 11.15

சகோதரி, உங்கள் வேதனை புரிகிறது. ஆனாலும் போதகர் சொன்னதில் பிழை இல்லை. "மனுஷன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுகிறான்" (ரோமர் 3:28). இதில் "ஆனால்" என்று ஒன்றைச் சேர்த்த நிமிஷம் சுவிசேஷம் போய்விட்டது. சிலுவையில் தொங்கிய கள்ளன் யாருக்கு எதைத் திருப்பிக் கொடுத்தான்? ஞானஸ்நானம் இல்லை, காணிக்கை இல்லை, ஒரு நற்கிரியை இல்லை. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வார்த்தை மட்டும்தான் அவனுக்குக் கிடைத்தது.

நைட்ஷிப்ட் · திங்கள், இரவு 11.21

கள்ளனுக்கு ரெண்டு கையும் ஆணியில இருந்துச்சு அண்ணே. இவருக்கு கூகுள் பே இருக்கே.

வேதாகமப்பூச்சி · திங்கள், இரவு 11.24

வேத வசனத்தைக் கேலி செய்ய வேண்டாம்.

நைட்ஷிப்ட் · திங்கள், இரவு 11.25

வசனத்தைச் சொல்லலை. ஆளைச் சொன்னேன்.

விவேக்நகர் வியாழன் · செவ்வாய், காலை 9.05

நான் கத்தோலிக்கம். இந்தக் குழுவில் நாங்க நாலஞ்சு பேர்தான், அதனால கொஞ்சம் பொறுமையா வாசிங்க.

எங்க தம்பி பீனியாவில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தப்போ தாமிரக் கம்பி எடுத்து வித்துக்கிட்டிருந்தான். கொஞ்சம் கொஞ்சமா, டிபன் டப்பாவுக்குள்ள சுருட்டி வெச்சு. ஒரு தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் பண்ணப் போனான் (இப்ப ஒப்புரவு அருள்சாதனம்னு சொல்லணுமாம், அம்மாவுக்கு இன்னும் அந்தப் பேர் நாக்கில் ஏறலை). சாமியார் பாவமன்னிப்பு கொடுத்தார். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேட்டார்: "அந்தக் காசை எப்பத் திருப்பிக் கொடுப்பே?" இவன் முழிச்சிருக்கான். "பேர் சொல்லிக் கொடுக்க பயமா இருந்தா பேர் இல்லாமக் கொடு, ஆனா கொடு"ன்னாராம். மூணு மாசம் ஓவர்டைம் பார்த்து, பேர் எழுதாத கவரில் வெச்சு முதலாளி மேஜையில போட்டான். அவர் இன்னிக்கு வரைக்கும் யாருன்னு தெரியாம இருக்கார்.

நாங்க செயலை வெச்சு மோட்சம் வாங்குறோம்னு பல பேர் நினைக்கிறாங்க. 1547இல் எங்க ஆயர்கள் கூடின திரெந்து பொதுச்சங்கம் இதைப் பத்தித் தீர்மானம் போட்டப்போ முதல் விதியே என்ன தெரியுமா? கிறிஸ்து வழியா வர்ற அருள் இல்லாம, தன் செயலாலேயே மனுஷன் கடவுளுக்கு முன்னால நீதிமான் ஆகலாம்னு சொல்றவன் சபைக்கு வெளியன்னு. அதே தீர்மானத்தில் இன்னொரு இடத்தில், கடவுளுக்கு ஏற்புடையவராகிறதுக்கு முன்னாடி வர்ற எதுவும், நம்பிக்கையோ செயலோ, அந்த அருளைச் சம்பாதிக்காதுன்னும் இருக்கு. தம்பி கவர் வெச்சது மன்னிப்பு வாங்க இல்லை. மன்னிப்பு கிடைக்கப்போகுதுன்னு தெரிஞ்சதனாலதான் கம்பி எடுத்த கையால கவர் எடுக்க முடிஞ்சது.

எங்க பாட்டி பழைய மங்கள வார்த்தை ஜெபம் சொல்லுவாங்க: "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க." இப்ப "அருள் நிறைந்த மரியே". பழசில் இருக்கிற வார்த்தையைப் பாருங்க. பிரியதத்தம். பிரியத்தோட தத்தம் பண்ணினது. தத்தம் பண்ணினதுக்கு யாராவது விலை கேப்பாங்களா?

வேதாகமப்பூச்சி · செவ்வாய், காலை 9.40

பிரியதத்தம் அழகான சொல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாவமன்னிப்புச் சீட்டு விற்றது யார் என்பதையும் சொல்லியிருக்கலாம்.

விவேக்நகர் வியாழன் · செவ்வாய், காலை 9.52

500 வருஷத்துக்கு முன்னாடி வித்ததுக்கு நான் பதில் சொல்லணும், ஏழெட்டு வருஷத்துக்கு முன்னாடி சுருட்டினதுக்கு அவர் பதில் சொல்லக் கூடாதா?

மட்டுறுத்துநர் · செவ்வாய், காலை 10.10

ரெண்டு பேரும் கொஞ்சம் தண்ணி குடிங்க. நடுவில் ஒரு பதிவை நீக்கியிருக்கேன், யாருதுன்னு அவங்களுக்குத் தெரியும். சபைப் பேர், ஆள் பேர் யாரும் போடாதீங்க.

தென்கலையான் · செவ்வாய், பகல் 1.30

நான் கிறிஸ்தவன் அல்ல. மல்லேஸ்வரம் ஐயங்கார். என் ஆபீஸ் நண்பன் இந்த இழையைக் காட்டினான், படிச்சிட்டுச் சும்மா இருக்க முடியலை.

இந்தச் சண்டை எங்காத்துச் சண்டை ஐயா. வடகலை சொல்றது மர்க்கட நியாயம்: குரங்குக் குட்டி தாயோட வயத்தைத் தானே கெட்டியாப் பிடிச்சுக்கணும். தென்கலை சொல்றது மார்ச்சார நியாயம்: பூனைக் குட்டி ஒண்ணும் பண்ண வேண்டாம், தாய் கவ்வித் தூக்கிண்டு போயிடும். வடகலையில வேதாந்த தேசிகர் பக்கம் கிருபைக்கு ஒரு வியாஜமாவது வேணும்பா, ஒரு சாக்கு. தென்கலையில பிள்ளை லோகாசாரியார் பக்கம் நிர்ஹேதுக கிருபை, காரணமே கிடையாது. உங்க வேதாகமப்பூச்சி அப்பழுக்கில்லாத தென்கலை. நாமம் போட்டுக்கலாம்.

இன்னொண்ணு. உங்க வேதப் புஸ்தகத்தில் "கிரியை"ன்னு போட்டிருக்கே, எங்களுக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பத்தாம் நாள் காரியம்தான் ஞாபகம் வரும். சைவர்களுக்கு சரியை, கிரியை, யோகம், ஞானம்னு பூஜை முறை. "கிரியையினால மோட்சம் இல்லை"ன்னு உங்க போதகர் மைக்கில சொல்றப்போ, ரோட்டில போற எங்க ஆளுக்கு "சடங்கினால மோட்சம் இல்லை"ன்னுதான் காதில் விழும். வாங்கின காசைக் கொடுக்கிறது சடங்கில்லையே. அது சாதாரண யோக்கியதை.

ஆனா பூனைக்குட்டி விஷயத்தில் ஒண்ணு. தாய் கவ்விண்டு போற குட்டி வாயில பக்கத்தாத்து மீன் இருந்தா என்ன பண்றதுன்னு எங்க ஆசாரியர்கள் யாரும் எழுதி வெச்சதா நான் படிச்சதில்லை.

நைட்ஷிப்ட் · செவ்வாய், பகல் 1.34

பக்கத்தாத்து மீன் 😂 சாமி, அடிக்கடி வாங்க.

மில்லர்ஸ்ரோடு · செவ்வாய், இரவு 9.20

தென்கலையான் ஐயா போட்ட "கிரியை" குறிப்பு, நான் இறையியல் கல்லூரியில் ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்ததை நாலு வரியில் சொல்லிவிட்டது. பவுல் ரோமரிலும் கலாத்தியரிலும் மறுக்கிற "நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்" என்பதில் விருத்தசேதனமும் உணவுச் சட்டமும் முன்னால் நிற்கின்றன, யூதன் யார் புறஜாதி யார் என்று பிரிக்கிற வேலிகள் அவை என்று 1977இல் வேத ஆய்வாளர் சாண்டர்ஸ் பவுலைப் பற்றி எழுதிய புத்தகம் வந்த பிறகு ஒரு பெரிய கூட்டமே எழுதிவிட்டது. எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. நானும் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. பெருமை பாராட்டுகிற எந்தக் கிரியையையும் பவுல் சும்மா விடுவதில்லை. ஆனால் கடனைத் திருப்பிக் கொடுப்பதைப் பவுல் அந்தப் பட்டியலில் வைத்தார் என்று யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

யாக்கோபு 2:24 "விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும்" என்கிறது. சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தருக்கு அந்த நிருபம் தொண்டையில் முள். 1522இல் ஜெர்மன் புதிய ஏற்பாடு அச்சிட்டபோது எபிரெயர், யாக்கோபு, யூதா, வெளிப்படுத்தல் நாலையும் கடைசிக்குத் தள்ளினார். ரோமர் 3:28இல் மூலத்தில் இல்லாத "மாத்திரம்" என்ற சொல்லைச் சேர்த்தார், கேட்டவர்களுக்கு 1530இல் தனிக் கடிதமே எழுதிப் பதில் சொன்னார். இதெல்லாம் நம்மில் பலருக்குத் தெரியும். தெரியாதது, அதே 1522 பதிப்பில் ரோமருக்கு அவர் எழுதிய முன்னுரை. விசுவாசம் உயிருள்ள, ஓயாமல் வேலை செய்கிற ஒன்று, நற்கிரியை செய்ய வேண்டுமா என்று அது கேட்டுக்கொண்டு நிற்காது, கேட்பதற்கு முன்பே செய்து முடித்திருக்கும் என்று எழுதுகிறார். 1738 மே 24 அன்று லண்டனில் ஒரு கூட்டத்தில் அந்த முன்னுரையை வாசிக்கக் கேட்டபோதுதான் மெதடிஸ்ட் சபையைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் மனம் அனல் கொண்டது.

கணக்குநோட்டு அக்காவுக்கு நான் சொல்ல நினைப்பது வேறு. அவர் சாட்சியில் சொன்னது கொலோசெயர் 2:14. "நமக்கு விரோதமாகவும் இருந்த கையெழுத்தைக் குலைத்து" என்று நம் வேதாகமத்தில் இருக்கிறது. அந்தக் "கையெழுத்து" கிரேக்கத்தில் கைரோகிராபோன். கடன் வாங்கினவன் தன் கையால் எழுதிக் கொடுக்கிற சீட்டு. நம் பிராமிசரி நோட்டு. அதை ஆணியடித்தார் என்று எழுதிய பவுல் பெயரிலேயே பிலேமோனுக்கும் ஒரு கடிதம் இருக்கிறது, ஒரே பக்கம். எஜமானுக்கு நஷ்டம் வைத்துவிட்டு ஓடிப்போன அடிமை ஒநேசிமு மனந்திரும்பிவிட்டான். பவுல் அவனைத் திருப்பி அனுப்புகிறார். "பிலேமோனே, இவன் கடனெல்லாம் சிலுவையில் தீர்ந்தது, அல்லேலூயா" என்றா எழுதினார்? 18, 19 வசனங்களைப் பாருங்கள்: "உம்மிடத்தில் கடன்பட்டதும் உண்டானால், அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும். பவுலாகிய நான் இதை என் சொந்தக் கையாலே எழுதினேன், நானே அதைச் செலுத்தித் தீர்ப்பேன்."

கிருபையின் அப்போஸ்தலன் உட்கார்ந்து பிராமிசரி நோட்டு எழுதுகிறார். கிருபைக்கும் கணக்குக்கும் முடிச்சுப் போட்டது அக்கா இல்லை. அவர்தான்.

நைட்ஷிப்ட் · செவ்வாய், இரவு 9.31

அப்ப போதகர் ஐயாவே கையெழுத்துப் போட்டுடலாமே. 61,350.

விவேக்நகர் வியாழன் · செவ்வாய், இரவு 9.48

புனித அகுஸ்தினாரும் இதையே சொல்றார். மனுஷன் தன் முயற்சியாலேயே நல்லவன் ஆகலாம்னு சொன்ன பெலாஜியுஸ் கூட்டத்தோட கடைசிக் காலம் பூரா சண்டை போட்டு, எல்லாம் அருள்தான்னு நிலைநாட்டினவர். அவரே 153ஆம் கடிதத்தில், பறிச்சதைத் திருப்பிக் கொடுக்க முடிஞ்சும் கொடுக்காதவன் மனஸ்தாபப்படலை, மனஸ்தாபப்படுறதா நடிக்கிறான்கிறார். எடுத்ததைக் கொடுக்காம பாவம் மன்னிக்கப்படாதுன்னும்.

வேதாகமப்பூச்சி · செவ்வாய், இரவு 10.30

பிலேமோனை நான் இப்படி வாசித்ததில்லை. யோசிக்கிறேன். ஆனாலும் வரிசை முக்கியம். வரி வசூலித்துப் பணம் சேர்த்த சகேயு வீட்டைப் பாருங்கள். "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்று அவன் சொல்வதற்கு முன்பே "சீக்கிரமாய் இறங்கிவா, இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்று ஆண்டவர் சொல்லிவிட்டார். கிருபை முதலில். காசு பிறகு.

நைட்ஷிப்ட் · செவ்வாய், இரவு 10.33

பிறகுன்னாலும் அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அண்ணே. ஏழெட்டு வருஷம் கழிச்சு இல்ல.

மாரிகுப்பம் · புதன், காலை 6.10

டிரெயினில் இருந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும். தங்கவயல் ஆள். தினமும் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூர் வந்து போகிறேன்.

எல்லாரும் கொடுக்கவேண்டியவனைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் கொடுக்கவேண்டியவன்.

2001இல் தங்கச் சுரங்கத்தை மூடினார்கள். அப்பாவுக்கு வந்த பணம் அக்கா கல்யாணத்திலும் அவர் நெஞ்சு வியாதியிலும் போனது. நான் கடை போடுகிறேன் என்று எங்கள் லைன் வீடுகளில் இருந்த எட்டுப் பேரிடம் கைமாற்று வாங்கினேன். எல்லாரும் என்னைப் போலவே வேலை போனவர்கள். கடை ஆறு மாதம் ஓடவில்லை. நான் குடித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் தண்டவாளம் பக்கம் போய் நின்றேன். அன்று என்னைத் திரும்பி நடக்கவைத்தது எந்தக் கிரியையும் இல்லை. ஒரு வயதான உபதேசியார் முந்தின வாரம் சொன்னது: "நீ கட்ட முடியாததை அவர் கட்டிவிட்டார் தம்பி, வீட்டுக்குப் போ." "முதலில் எட்டுப் பேர் காசைக் கொடு, பிறகு வா" என்று சொல்லியிருந்தால் நான் இந்த டிரெயினில் இல்லை.

எட்டில் ஐந்து பேருக்குக் கொடுத்து முடித்தேன், பதினோரு வருஷம் ஆனது. ஒருவர் வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேர் நான் கொண்டுபோவதற்குள் இறந்துவிட்டார்கள். ஒருவர் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. இன்னொருவர் மகன் கதவைத் திறக்கவில்லை. அந்த இரண்டு கடனை எந்தச் சங்கத் தீர்மானத்தின் கீழ் எழுதுவது? அகுஸ்தின் "முடிஞ்சும் கொடுக்காதவன்" என்று சொன்னதாக விவேக்நகர் அம்மா எழுதியிருக்கிறார்கள். அந்த "முடிஞ்சும்" இருக்கிறதே, அதை நான் மூன்று முறை வாசித்தேன்.

கணக்குநோட்டு சகோதரியிடம் நான் சண்டைக்கு வரவில்லை. உங்கள் காசை அவர் கொடுக்கவேண்டும். ஆனால் அவர் அழுததைப் பொய் என்று முடிவு கட்ட எனக்கு மனம் வரவில்லை. நானும் அப்படித்தான் அழுதேன், கையில் ஒரு ரூபாய் இல்லாமல்.

கண்டோன்மென்ட் வந்துவிட்டது.

கணக்குநோட்டு · புதன், மதியம் 3.15

மாரிகுப்பம் அண்ணா, உங்க பதிவை மெஷின் முன்னாடி உட்கார்ந்து வாசிச்சேன். ஒரு பிளவுஸ் கை தைக்கிறதை நிறுத்திட்டேன்.

ஒரு விஷயம் ஒத்துக்கிறேன். எங்கிட்ட அந்த நோட்டு மட்டும் இல்லை. என் வீட்டுக்காரர் தங்கச்சி கல்யாணத்துக்கு நாங்க என்ன செஞ்சோம், எங்க வீட்டுப் புதுநன்மை... இல்லை, திடப்படுத்தல் ஆராதனைக்கு அவங்க என்ன செஞ்சாங்க, எல்லாம் எழுதி வெச்சிருக்கேன். சபை மதிய விருந்துக்கு நான் எத்தனை கிலோ வெங்காயம் உரிச்சேன்னுகூட மனசில் இருக்கு. "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல"ன்னு மத்தேயு 6இல் வாசிக்கிறப்ப எனக்கு உடம்பு கூசும். பதினாயிரம் தாலந்து மன்னிப்பு வாங்கினவன் நூறு வெள்ளிப்பணத்துக்குக் கழுத்தைப் பிடிச்ச கதையில் நான் யாருன்னு எனக்குத் தெரியும்.

ஆனாலும் ஒண்ணு சொல்றேன். மன்னிச்சேன்னு சொல்ற வாய் என்னோடதா இருக்கணும். அவர் மைக்கில் சொல்லி, சபை அல்லேலூயா சொல்லி முடிச்சிட்டா என் வாய்க்கு என்ன வேலை? எங்கிட்ட யாரும் கேக்கவே இல்லையே. போதகர் கேக்கலை, அவர் கேக்கலை. ஆண்டவர் அவரை மன்னிச்சிட்டார், சரி. எனக்கும் சேர்த்து மன்னிச்சிட்டார்னு எங்க இருக்கு?

வேதாகமப்பூச்சி · புதன், மாலை 5.50

இல்லை. அப்படி எங்கும் இல்லை.

அல்சூர்க்காரன் · புதன், இரவு 8.00

22 வருஷமா சிவில் கோர்ட்டுப் பக்கம் குமாஸ்தா வேலை. வசனம் அவ்வளவா தெரியாது, சட்டம் கொஞ்சம் தெரியும்.

இந்த மாதிரிக் காசுக்கு வழக்குப் போட பொதுவா 3 வருஷம். காலக்கெடு தாண்டிடுச்சு. அதனால கடன் இல்லாமப் போச்சான்னா, போகலை. கோர்ட்டுக் கதவு மூடிடுச்சு, அவ்வளவுதான். கடன் அங்கயேதான் உட்கார்ந்திருக்கு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 25ஆவது பிரிவு மூணாவது உட்பிரிவில் ஒரு வழி இருக்கு: காலாவதியான கடனைக் கொடுக்கிறேன்னு கடன் கொடுக்கவேண்டியவர் இப்போ எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டா, அது செல்லும். வேற புதுசா எதுவும் கைமாற வேண்டியதில்லை. அந்தத் தேதியிலிருந்து திரும்ப உயிர் வந்திடும். வாயால சொன்னா ஆகாது. கையெழுத்து வேணும். போலீஸ், பதிவு செய்யாத சீட்டு, அதெல்லாம் வேற வழி, தனியாப் பேசிக்கலாம்.

பவுல் "என் சொந்தக் கையாலே எழுதினேன்"னு போட்டிருக்கார்னு படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஆளுக்கு விவரம் தெரியும்.

விவேக்நகர் வியாழன் · புதன், இரவு 8.25

1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்கில் லூத்தரன்காரங்களும் நாங்களும் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டோம், ஏற்புடையவராதல் பத்தின கூட்டு அறிக்கை. அருளால மட்டும்தான் ஏத்துக்கப்படுறோம், அந்த அருள்தான் நல்ல செயலுக்குக் கூப்பிடுதுன்னு. 2006இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்தாங்க. அதுக்கும் சொந்தக் கையெழுத்து வேண்டியிருந்துச்சு பாருங்க.

தென்கலையான் · புதன், இரவு 8.40

தமிழ்நாட்டில் வீரமாமுனிவர் தரங்கம்பாடி லூத்தரன்காரர்களோட தமிழிலேயே மறுப்பு நூல் எழுதிச் சண்டை போட்டாரே, அவா இதைப் பார்த்திருந்தா என்ன சொல்லியிருப்பாளோ.

மில்லர்ஸ்ரோடு · புதன், இரவு 9.02

இலக்கணப் பிழை இருக்கிறதா என்று பார்த்திருப்பார்.

மட்டுறுத்துநர் · வியாழன், காலை 7.30

ராத்திரி பூரா மேரியம்மன், விக்கிரகம்னு ஒரு சண்டை ஓடியிருக்கு. 31 பதிவு நீக்கினேன். செப்டம்பர் 8க்கு சிவாஜிநகர் பசிலிக்கா தேர் போற ரோட்டில் எந்தச் சபை ஆளும் நின்னு வேடிக்கை பார்க்காம இருந்ததில்லை, அதை நினைவில் வெச்சுக்கிட்டு எழுதுங்க.

கணக்குநோட்டு · ரெண்டு மாசம் கழிச்சு, 14ஆம் தேதி, இரவு 9.45

நடந்ததைச் சொல்லிடறேன், நிறைய பேர் தனியாக் கேட்டுட்டீங்க.

பிலேமோன் வாசிச்ச அந்த வாரமே நோட்டை எடுத்துக்கிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். கம்மனஹள்ளி பக்கம், ஷீட் கூரை போட்ட ஒத்தை ரூம். தண்ணி கேன் போடுற வேலை, மாசம் 14,000. அவர் வீட்டம்மா டம்ளரில் டீ கொடுத்தாங்க, கை நடுங்குச்சு அவங்களுக்கு. நான் நோட்டைத் திறந்து வெச்சேன். ஒவ்வொரு மாசத்துக்கும் எதிரில் அவர் போட்ட கையெழுத்து இருக்கு. 14 கையெழுத்து. பச்சை மையில போடுவார் அப்பல்லாம், பெரிய மனுஷன் மாதிரி. ஒவ்வொண்ணா விரல் வெச்சுப் பார்த்தார். பேசவே இல்லை. அப்புறம் "20 பேர் அக்கா"ன்னார். "எனக்கு என் பக்கம்தான் தெரியும்"னேன்.

நான் எழுதச் சொல்லலை. அவரே பேனா கேட்டார். கடைசிப் பக்கத்தில், மாசம் 1,000 கொடுக்கிறேன்னு எழுதி, தேதி போட்டு, பதினஞ்சாவது கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை நீல மை, என் பேனா.

போதகரும் பிறகு வீட்டுக்கு வந்தார். அன்னிக்கு அவசரத்தில் பேசிட்டேன்மான்னார். பிலேமோன் கடிதத்தைப் பத்தி நான் கேட்டேன், அதில் ஒரு பிரசங்கம் பண்றேன்னிருக்கார். பண்ணட்டும்.

போன மாசம் 5ஆம் தேதி 1,000 வந்துச்சு, "ஸ்தோத்திரம்"னு குறிப்போட. இது விசுவாசத்தோட கனியா, என் நோட்டு மேல உள்ள பயமான்னு எனக்குத் தெரியலை. இந்த மாசம் 400தான் வந்திருக்கு. மீதி 10ஆம் தேதின்னு போட்டிருந்தார். எழுதி வெச்சிருக்கேன். பாக்கி 59,950.

வேதாகமப்பூச்சி · இரவு 9.58

சகோதரி, அவருக்காகவும் உங்களுக்காகவும் ஜெபிக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் இரண்டு பங்கு என்ன ஆயிற்று?

கணக்குநோட்டு · இரவு 10.01

அவங்க கேக்க மாட்டேங்கிறாங்க. "நான் அன்னிக்கே விட்டுட்டேன்மா"ங்கிறாங்க. நோட்டும் வெச்சுக்கலையாம்.

மாரிகுப்பம் · இரவு 10.06

400 அனுப்பின அன்று அவர் கையில் 400தான் இருந்திருக்கும். எனக்கு அப்படி மாதங்கள் உண்டு.

நைட்ஷிப்ட் · இரவு 10.07

10ஆம் தேதின்னாரே, இன்னிக்கு 14 ஆச்சு. ஒரு போன் போட்டுப் பாருங்க அக்கா.

கணக்குநோட்டு · இரவு 10.12

போட்டேன் தம்பி. வீட்டம்மா எடுத்தாங்க. மூணாவது மாடிக்கு கேன் ஏத்திக்கிட்டு இருக்காராம், இறங்கினதும் பேசச் சொல்றேன்னாங்க.